தண்ணீர் லாரி வரும் ஜன்னல்

தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டதும் ஏகாம்பரம் பாதிக் காபியை அப்படியே வைத்துவிட்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார். மாடி வராந்தாவின் கடைசிவரை ஓடிய பிறகுதான், தான் இருப்பது தர்மபுரிப் பக்கம் என்ற ஞாபகம் வந்தது. எதிர்வீட்டுக்காரர் இன்றும் சிரித்தார். குடத்தைக் காற்று வாங்கக் கூட்டிவந்தவரைப்போல ஏகாம்பரம் சற்று நேரம் நின்றுவிட்டுத் திரும்பினார்.

புளியந்தோப்பில் அவர்கள் தெருவை இடித்து, எல்லோரையும் தற்காலிகமாக இங்கே கொண்டுவந்து குடிவைத்தபோது, ஊர் ஏக்கம் வராமலிருக்க வீட்டுக்கொரு ஜன்னல் மாதிரி வீடியோ திரை மாட்டிக் கொடுத்திருந்தார்கள். இடிப்பதற்கு முன்பு படம்பிடித்த அந்தத் தெருவின் ஒரே ஒரு நாள், சத்தத்தோடு அதில் தினமும் ஓடும்.

"இங்கதான் கொழாயில தண்ணி கொட்டுதே, அப்புறம் இன்னாத்துக்குய்யா ஓடுற?" என்றாள் அவர் மனைவி பூங்காவனம்.

"எனக்குத் தெரியுது. காலுக்குத் தெரியலையே."

"அங்க இருந்தப்ப மட்டும் ஓடி இன்னா கிழிச்ச?"

ஜன்னலில் லாரி வந்து நின்றது. முண்டியடித்த கூட்டத்தில், லுங்கியை மடித்துக் கட்டிய ஒல்லி ஆள் ஒருவர் முதல் ஆளாகப் போய் நின்றார். பிறகு யாரிடமோ வாய்ச்சண்டைக்குப் போய், அந்த இடத்தைக் கோட்டைவிட்டார். சாட்சாத் ஏகாம்பரமேதான். நேற்றும் கோட்டைவிட்டார், நாளைக்கும் விடுவார்.

ஏகாம்பரம் விழுந்து விழுந்து சிரித்தார். "கேனப்பய! இன்னிக்கும் வெறுங்கொடம்."

சிரிப்பு அடங்கியதும் கையிலிருந்த குடத்தை மெதுவாகக் கீழே வைத்தார்.

"ஆனாலும் பாரு பூங்காவனம், அவன மட்டும் எவனாலயும் காலி பண்ண முடியல."