உத்தையாவுக்கு இரண்டு வெடி

"ரெண்டே ரெண்டு தோட்டா சார். மூணாவது கேட்டா என்னையும் உள்ள தள்ளிப் பூட்டுங்க."

பெரியவர் மூச்சு வாங்கிக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் அவர் வயதையொத்த ஓர் அம்மாள், குடகு முறைப்படி கொசுவத்தைப் பின்னால் வைத்துச் சேலை கட்டியிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் சரணப்பா பிஜாப்பூர் பக்கத்துக்காரர். மலைக்கு மாற்றலாகி வந்து நான்கு நாள்தான் ஆகிறது. வந்த அன்றே தேர்தல் அவர் தலையில் விழுந்துவிட்டது. தேர்தலுக்காக ஊரார் ஒப்படைத்த துப்பாக்கிகளெல்லாம் ஸ்டேஷன் பின்னறையில் விறகுபோல அடுக்கிக் கிடந்தன.

"தேர்தல் முடியற வரைக்கும் ஒரு துப்பாக்கியும் வெளிய போகாது அஜ்ஜா. யாருக்குத் தோட்டா?"

"சுபேதார் உத்தையாவுக்கு. ரெண்டு சண்டை பார்த்தவர். எங்க மலையில ஒருத்தர் போனா வானத்தைப் பார்த்து ரெண்டு வெடி. அது கேட்டாத்தான் ஜனம் வேலையைப் போட்டுட்டு வரும்."

"ஐயோ பாவம். என்ன ஆச்சு?"

"இதயம். மைசூர்ல பெரிய டாக்டரே கையை விரிச்சுட்டாரு."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "வருத்தமாத்தான் இருக்கு. ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கே. வாட்ஸ்ஆப்ல போட்டுருங்களேன்."

"போட்டா, கை கூப்பின பொம்மையை அனுப்பிட்டு உக்காந்துருவானுங்க சார்."

அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் அவளைக் கவனித்தார். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

"அஜ்ஜி, நீங்க சுபேதாருக்கு..."

"கட்டிக்கிட்டவ. பேரு தேச்சவ்வா."

பட்டாளத்துக்காரர் மனைவி என்றால் இப்படித்தான் இருப்பாள் என்று எண்ணிக்கொண்டார் இன்ஸ்பெக்டர். "நீங்க அவர் கூடப் பொறந்தவரா அஜ்ஜா?"

"ஒரே நேரத்துல."

"ஓ, ரெட்டைப் பிள்ளைங்களா! பட்டாளத்துலயும் சேர்ந்தேவா?"

"ஒரே ரெஜிமெண்ட், ஒரே பதுங்கு குழி. அறுபத்தஞ்சுல ஒரு குண்டு உத்தையாவைத் தேடி வந்துச்சு. ஆள் அப்ப அவ்வளவு ஒல்லி. எங்கே படறதுன்னு தெரியாம சுத்திப் பார்த்துட்டுப் போயிடுச்சு."

"இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு என் காதுதான் ஓட்டையாச்சு" என்றாள் தேச்சவ்வா. "எழுபத்தொண்ணுக் கதையைச் சொல்லுங்க. அதுதான் நிஜம்."

பெரியவர் நிமிர்ந்தார். "எழுபத்தொண்ணுல உத்தையா செத்துட்டதா தப்பாத் தந்தி வந்துடுச்சு சார். ரெண்டு வெடி வெச்சு ஊரே கூடி அழுதாச்சு. பதினோராம் நாள் சடங்குக்குப் பந்தி போட்டிருக்காங்க. கால்ல கட்டோட உத்தையா நேரா வந்து கடைசி இலையில உக்காந்துட்டாரு. பரிமாறினவன் ஆளைப் பார்க்காம சோறும் போட்டுட்டான்."

"வந்தவரு பொண்டாட்டியைத் தேடினாரா? குழம்புல உப்பு பத்தலைன்னாரு" என்றாள் தேச்சவ்வா. "இந்த மலையிலேயே வெள்ளைச் சேலை கட்டிட்டு மறுபடி சிவப்புக்கு மாறினவ நான் ஒருத்திதான் சார்." அதைச் சொல்லும்போது பதக்கம் வாங்கியவள்போல இருந்தது அவள் முகம்.

இன்ஸ்பெக்டருக்கு ஒரு வழி கிடைத்தது. "அப்ப சுபேதாருக்கு உரிய ரெண்டு வெடியும் அன்னிக்கே போயாச்சே!"

பெரியவரின் கை கைத்தடியை இறுக்கிப் பிடித்தது. "அது தந்திக்கு வெடிச்ச வெடி சார். உத்தையாவுக்கு வெடிக்கலை."

வெளியே காப்பித் தோட்டத்தில் முதல் மழைக்குப் பூத்த பூக்களின் வாசனை ஸ்டேஷனுக்குள் வந்து போயிற்று.

"சண்டையில உத்தையா தன் துப்பாக்கியை யாருக்கும் விட்டுக் கொடுத்ததில்லை" என்றார் பெரியவர். "இங்க ஒரு காகிதம் ஒட்டினதும், ஊர்லயே முதல் ஆளா வந்து கொடுத்தாரு. எதிரி கேட்டுக் கொடுக்காததைச் சட்டம் கேட்டதும் கொடுத்தாரு. அந்தச் சட்டத்துக்கிட்டதான் இப்ப வந்திருக்கோம்."

இன்ஸ்பெக்டர் மோவாயைத் தடவினார். எழுந்து பின்னறைக்குப் போனார். இரும்பு உருளும் சத்தம் கேட்டது. திரும்பியபோது கையில் பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி. அதில் கட்டியிருந்த அட்டையில் உத்தையா பெயர்.

"துப்பாக்கி போலீஸ் கையை விட்டுப் போகக் கூடாதுன்னுதான் உத்தரவு. போலீஸ் வெடிக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே! நானே வர்றேன், நானே வெடிக்கிறேன். ரெண்டு சண்டை பார்த்த மனுஷனுக்கு ஒரு சல்யூட்டும் வெச்சுட்டு வர்றேன்."

தேச்சவ்வா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்போதுதான் அவள் கண் கலங்கியது.

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். ஜீப் சாவியைத் தேடிக்கொண்டே கேட்டார்: "உடம்பு எங்க இருக்கு, வீட்டுலயா ஆஸ்பத்திரியிலயா?"

பெரியவர் கைத்தடியை மனைவியிடம் கொடுத்துவிட்டு எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, குதிகால்களைச் சேர்த்து விறைப்பாக நின்றார்.

"உடம்பு இங்கதான் சார் நிக்குது, இந்த வாரம் தாண்டாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. வெடியை அன்னிக்கு வந்து வெடிங்க. சல்யூட்டை மட்டும் இப்பவே வெச்சுருங்க, அன்னிக்கு வெச்சா என்னால திருப்பி வைக்க முடியாது."