பழத்து ழ, பள்ளத்து ள

"மன்னிப்புக் கேக்கணும்! மேடை ஏறி, மைக்கைப் பிடிச்சு, 'தப்பு என்னோடதுதான்'னு உன் வாயால வரணும்!"

குடும்பநெறிக் காப்புச் சங்கத் தலைவர் மேசையைத் தட்டிய தட்டில் ஃப்ளெக்ஸ் கடைக்காரரின் டீ கிளாஸ் ஒரு முறை எம்பி உட்கார்ந்தது.

ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று சட்டம் வரப்போகிறதாம். அந்தப் பேச்சு கிளம்பிய நாள்முதல் சங்கத்துக்குத் தூக்கமில்லை. இன்று மாலை கண்டனக் கூட்டம். அதற்காகக் கடைவீதி முழுக்கப் பேனர் ஏறியிருந்தது. 'ஓரினக் காதலை ஒழிப்போம்' என்று இருக்க வேண்டியது, 'ஓரினக் காதலை ஒளிப்போம்' என்று பல்லை இளித்துக்கொண்டு நின்றது.

சங்கத்தின் எதிர்ப்பாளர்களுக்கு அல்வா கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. காலையிலேயே பேனருக்குக் கீழே அட்டை பிடித்து நின்றுவிட்டார்கள்: 'எங்கே ஒளிக்கிறீங்க தலைவரே? பரண்லயா, கட்டிலுக்கு அடியிலயா?'

பத்திரிகைக்காரர்கள் 'ஈரமில்லாத நெஞ்சம்' என்று எழுதியபோதும், மாணவர்கள் வாசலில் நின்று கோஷம் போட்டபோதும் அசராத மனிதர், இந்தச் சிரிப்பில் ஆடிப்போயிருந்தார்.

"திட்டுறவனுக்குப் பதில் சொல்லிடலாம்யா. சிரிக்கிறவனுக்கு என்னத்தச் சொல்றது?"

"தலைவரே, அத்தனை பேனரையும் என் செலவுல மாத்தித் தர்றேன். ஆனா மேடை மட்டும் வேண்டாம்" என்றார் கடைக்காரர்.

நஷ்டத்தை அவர் தாங்குவார். பெயர் போனால்? 'எழுத்துத் தெரியாத கடை' என்று எதிர்க்கடைக்காரன் அன்றைக்கே ஒரு பேனர் கட்டிவிடுவான். அதுவும் பிழையில்லாமல்.

"மேடைதான் வேணும்."

"சரி, வர்றேன். ஆனா மன்னிப்புன்னு சொல்ல மாட்டேன். வருத்தம்னு சொல்றேன்."

"வருத்தமா? கறிகாய் விலை ஏறினாக்கூடத்தான் வருத்தம். மன்னிப்பு!"

"ஆழ்ந்த வருத்தம்."

"எவ்வளவு ஆழமாப் போனாலும் அது வருத்தம்தான்யா!"

"'தவறு நேர்ந்துவிட்டது'ன்னு சொல்லட்டுமா? யாரால நேர்ந்ததுன்னு வேண்டாம். பாதி உங்களுக்கு, பாதி எனக்கு."

"பாத்தீங்களா தலைவரே," என்று நடுவில் புகுந்தார் சங்கச் செயலாளர், "மன்னிப்பைக்கூடத் துணி மாதிரி கிழிச்சு விக்கிறாரு!" அவர் கையிலிருந்த செல்போன், சங்கத்தின் முகநூல் பக்கத்தில் இதையெல்லாம் நேரலையாக ஓட்டிக்கொண்டிருந்தது. கடைக்காரர் பணிவதை ஊர் பார்க்க வேண்டும் என்பது தலைவரின் ஏற்பாடு.

கடைக்காரருக்கு அப்போதுதான் ரோஷம் வந்தது. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார்.

"வருத்தமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. உங்களுக்குத் தொண்டை கட்டியிருந்துச்சுன்னு டீச்சரம்மாதான் போன்ல வாசகம் சொன்னாங்க. பழத்துல வர்ற ழ-வா, பள்ளத்துல வர்ற ள-வான்னு நான் ரெண்டு தடவை கேட்டேன். பள்ளத்து ள-ன்னாங்க. போட்டேன்."

தலைவர் சிரித்தே விட்டார்.

"யாரு, என் வீட்டம்மாவா? ஆயுசெல்லாம் தமிழ் சொல்லிக் கொடுத்தவய்யா அவ! நான் 'வாளைப்பழம்'னு சொன்னா, திருத்திச் சொல்ற வரைக்கும் பழத்தைக் கண்ணுல காட்ட மாட்டா. அவளா ள-வும் ழ-வும் மாத்திச் சொல்லுவா?"

"அவங்களையே கேட்டுடுவோமா?"

"கேளு! இப்பவே கேளு. ஸ்பீக்கர்ல போடு, ஊரே கேக்கட்டும். அவ ழ-ன்னு சொல்லிட்டா?"

"முழு மன்னிப்பு. கால்ல விழுந்து."

"ள-ன்னு சொல்லிட்டா?"

"நீங்க எங்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். மேடையில."

"பேச்சு மாற மாட்டேன். போடு போனை!"

பல் டாக்டரின் போர்டு வாங்க வந்து காத்திருந்தவர்கூட நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். செயலாளர் செல்போனை இன்னும் கிட்டக் கொண்டுவந்தார்.

"டீச்சரம்மா, நான் ஃப்ளெக்ஸ் கடை பேசுறேன். பேனர் விஷயமா..."

"சொல்லுங்க. பாத்தேன். அழகா வந்திருக்கு." பின்னால் ரயில் வரப்போகும் அறிவிப்பு கேட்டது.

"அதுல ஒரு எழுத்து..."

"ஏம்மா!" தலைவர் பொறுமையிழந்து குறுக்கே பாய்ந்தார். "ஒழிப்போம்னுதானே நீ சொன்னே? இந்த ஆளு காதுல பஞ்சை வெச்சுக்கிட்டு..."

"அவரைத் திட்டாதீங்க. பாவம், ரெண்டு தடவை கேட்டாரு. ரெண்டு தடவையும் பள்ளத்து ள-ன்னுதான் சொன்னேன்."

கடைக்காரர் நெஞ்சு நிறைய மூச்சு விட்டார். ஜெயித்தாகிவிட்டது. ஆனால் தலைவரின் முகத்தைப் பார்த்தபோது, தான் ஜெயித்தது எதை என்று அவருக்குப் புரியவில்லை.

"நீயா? தப்பாவா சொன்னே?"

"தப்பு எங்கங்க இருக்கு? ஏழு வருஷமா நாம ரெண்டு பேரும் அதைத்தானே செஞ்சுக்கிட்டிருக்கோம்? இனிமே என்னால முடியாது."

"ஏய்... போனை வை!"

செயலாளரின் விரல் செல்போன் முழுக்கத் தடவியது. நேரலையை ஆரம்பிக்கத் தெரிந்த அவருக்கு, நிறுத்தத் தெரியவில்லை.

"வெச்சுடறேன், ரயில் வந்துடுச்சு. சாயங்காலம் கூட்டத்துல முன்வரிசையில மூணு நாற்காலி போடச் சொல்லுங்க" என்றது ஒவ்வொரு எழுத்தும் தெளிந்த அந்தக் குரல். "எனக்கு ஒண்ணு, நம்ம பையனுக்கு ஒண்ணு, அவனோட வீட்டுக்காரருக்கு ஒண்ணு."