கீரைத் தண்ணீர்

தொட்டியின் அந்தக் கோடியில் ஒன்றுமே இல்லை.

இருந்தும் தலைப்பிரட்டை அங்கேதான் போனது. வாலை ஆட்டி ஆட்டிப் போய், வலைத் தடுப்பில் மூக்கை வைத்து, வீடு வந்து சேர்ந்ததுபோல நின்றது.

அவள் வேறொன்றை எடுத்து விட்டாள்.

அதுவும் அங்கேயே போனது.

தொட்டியைக் கழுவி, மறு கோடியில் ஊற்றிப் பார்த்தாள். அடுத்தது மறு கோடிக்குப் போனது.

ஊற்றியது வெறும் கீரைத் தண்ணீர். தீனிக்காக வேகவைத்த கீரையை வடித்ததும் மிஞ்சியது. கொட்டப் போனவள், ஏதோ தோன்றி ஒரு கரண்டி ஊற்றியிருந்தாள்.

கரண்டியைக் கீழே வைத்தாள்.

அருப்புக்கோட்டையில் விலங்கியல் இரண்டாம் ஆண்டு முடித்தவள். கோடை விடுமுறை ஆராய்ச்சிக்கென்று வால்பாறை மலைமேல் இந்த ஆய்வு நிலையத்துக்கு வந்திருந்தாள். அவள் கல்லூரியிலிருந்து இதற்கு ஒருவர் தேர்வானது இதுவே முதல் தடவை. வழியனுப்ப வகுப்பே பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தது.

அவளைச் சேர்த்துக்கொண்டவள் ஷைனி. மார்த்தாண்டத்துக்காரி. முனைவர் பட்டத்துக்காக வருடக்கணக்கில் இந்த மலையில் தவளைகளோடு கிடப்பவள். முழங்கால் வரை அட்டை கடித்த தழும்புகள்.

ஷைனி கண்டுபிடித்தது இதுதான். தலைப்பிரட்டை தன் கூடப்பிறந்தவற்றை அடையாளம் கண்டுகொள்ளும். தொட்டியின் ஒரு கோடியில் உடன்பிறப்புகளையும் மறு கோடியில் அந்நியரையும் விட்டால், தவறாமல் உடன்பிறப்புகளிடம் போகும்.

கட்டுரை எழுதியாயிற்று. நாளை பேராசிரியர் அதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறார்.

ஆனால் சோதித்தவையும் அவற்றின் உடன்பிறப்புகளும் எல்லாம் கீரை தின்று வளர்ந்தவை.

அந்நியக் கூட்டம் வேறு கொட்டகையில் மீன்தீனி தின்று வளர்ந்தது.

தேடிப் போனது உறவையா, பழகிய வாசனையையா?

தொட்டியைக் கவிழ்த்துவிட்டால் போதும். யாருக்கும் தெரியப் போவதில்லை.

அவள் தொட்டியின் விளிம்பைப் பிடித்தாள்.

பிடித்தபடியே நின்றாள்.

ஷைனி சாப்பிட்டுவிட்டு ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

“அக்கா, ஒண்ணு காட்டணும்க்கா.”

காட்டினாள்.

ஷைனி முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இன்னொன்றை விடச் சொன்னாள். பிறகு இன்னொன்றை. முகத்தில் இருந்த சிரிப்பு எப்போது போனதென்றே தெரியவில்லை.

“யாரு செய்யச் சொன்னா?”

“யாரும் சொல்லலைக்கா. தண்ணி மிச்சமிருந்துச்சு. சும்மா ஊத்திப் பாத்தேன்.”

ஷைனி எழுந்து வெளியே போனாள்.

ஜன்னல் வழியே தெரிந்தது. தூறலில், தலையில் துணிகூடப் போடாமல், மரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். தோள்கள் ஒரு முறை ஏறி இறங்கின.

ஜன்னலோரம் நின்றவள் மனசுக்குள் பெட்டியைக் கட்டிவிட்டாள். ஊரில் என்ன சொல்வதென்றும் யோசித்துவிட்டாள்.

ஷைனி திரும்பி வந்தாள். முடியிலிருந்து நீர் சொட்டியது. அவளைப் பார்க்கவில்லை. மேஜைமேல் கிடந்த போனை எடுத்தாள்.

“சார், கட்டுரைய அனுப்பாதீங்க. எனக்க சோதனையில ஓட்டை இருக்கு.”

மறுமுனையில் ஏதோ இரைந்தது.

“இல்ல சார், சந்தேகமே இல்ல. கண்ணால பாத்தாச்சு.”

மறுபடி இரைச்சல். ஷைனி பொறுமையாகக் கேட்டாள். யார் மேலும் பழி போடவில்லை. காலத்தை நொந்துகொள்ளவில்லை. நாலு வருட உழைப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

தவறு என்று இவ்வளவு நிமிர்ந்து ஒருவர் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

“நான் கண்டுபிடிக்கல சார். இங்க வந்திருக்கிற பொண்ணு.”

பிறகு அவளுடைய பெயரைச் சொன்னாள். முழுப் பெயரையும், இனிஷியலோடு. எதிர்முனையில் சரியாகக் கேட்கவில்லை போலும். எழுத்து எழுத்தாக, நிதானமாக, இன்னொரு முறை சொன்னாள்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

போனை வைத்ததும் ஷைனி ரப்பர் பூட்ஸைத் தேடி மாட்டினாள்.

“பின்னால குளத்துல புது முட்டை கெடக்குல்லா. ஒரே தாய் முட்டை. பாதிக்குக் கீரை, பாதிக்கு மீன்தீனி போட்டு வளப்போம். அப்பத் தெரியும் சங்கதி.”

குரல் இன்னும் கரகரத்தது. கண்களில் மட்டும் புதிதாக ஒரு வெளிச்சம்.

கதவோரம் பெரிய பிளாஸ்டிக் தொட்டி இருந்தது. ஷைனி ஒருத்தியே தூக்கிவிடக்கூடியதுதான்.

குனிந்து, ஒரு பக்கத்துக் கைப்பிடியை மட்டும் பிடித்தாள்.

மறு கைப்பிடியை அவளுக்கு விட்டு, அப்படியே நின்றாள்.