சங்குப்பூ டீக்கு இன்னொரு சொட்டு

விருந்தாளிகளுக்கு மாக்டெயில் கொடுக்கலாம் என்று சுடர்விழி சங்குப்பூ டீ போட்டு, ஆறவைத்து, தேனும் ஐஸும் சேர்த்துக் கண்ணாடி ஜாடியில் ஊற்றினாள். டீ நீலமாக நின்றது. பக்கத்துத் தட்டில் அரை எலுமிச்சை காத்திருந்தது.

அதை எடுத்து நாலு சொட்டு பிழிந்தாள். நீலம் மெல்ல ஊதாவானது. பார்த்தவர்கள் செல்போனைத் தூக்கினார்கள்.

"இன்னும் கொஞ்சம் விடேன்" என்றது டீ.

"இப்பதான் குடிக்கிற பக்குவத்துல இருக்கே. போதும்" என்றது எலுமிச்சை.

"குடிக்கிறது இருக்கட்டும். இப்ப எல்லாரும் பாக்குறாங்க."

தாமதமாக வந்தவர்களும் பார்க்க ஆசைப்பட்டார்கள். சுடர்விழி மறுபடி பிழிந்தாள். ஊதா இளஞ்சிவப்பானது, கைதட்டினார்கள். கடைசியாக வந்தவர்களுக்காக ஒட்டப் பிழிந்தாள். நிறம் அசையவில்லை.

"வேணும்னே நிறுத்திட்டே" என்று டீ கோபித்துக்கொண்டது. எலுமிச்சையிடம் தோல்தான் மிச்சம்.

முதல் வாய் குடித்தவர் முகம் சுளித்தார். மற்றவர்கள் மோர் போதும் என்றார்கள்.

எல்லாரும் போனபின் சுடர்விழி டீயையும் தோலையும் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டிவிட்டு நகர்ந்தாள். அங்கே தேங்கியிருந்த சோப்புத் தண்ணீரில் கலந்ததும் டீ மறுபடி நீலமானது.

"பாத்தியா?" என்றது, குழாய்க்குள் வடிந்துகொண்டே.

அடுப்படியில் வேறு யாரும் இல்லை.

"பாத்தேன்" என்றது தோல்.