வெறும் உருளையில் நூல்

மாலை வெயில் ஏரியில் பட்டு எகிறி, வெர்னாவின் தூண்டில் கடையில் தொங்கும் ரப்பர்ப் புழுக்களின் மேல் விழுகிறது. மேசைக்கு மறுபுறம் கிளீட்டஸ் நிற்கிறான். சென்ற ஆண்டு, வெர்னாவின் கணவர் ஹாய்ட் காட்டிய இடத்தில் படகை நிறுத்தி, பாஸ் மீன் பிடிக்கும் போட்டியில் கோப்பை வென்றவன். அதே ஹாய்ட்டின் இறுதிச் சடங்குக்கு வராதவன். நாளை விடிந்தால் மீண்டும் போட்டி. நைலான் நூலிலேயே பழகிய அவன், இப்போது பின்னல் நூலோடு வந்திருக்கிறான்.

“கோல், ரீல், நூல் எல்லாம் வெளியில வாங்கிட்டேன், வெர்னா. உங்கிட்ட இருக்கிறத வெச்சுத் தவளைதான் பிடிக்கலாம்.”

“நூல் சுத்துற மிஷின் மட்டும் என்னோடது வேணுமாக்கும்?”

“ஹாய்ட் இருந்தா இப்படிக் கேப்பானா?”

வெர்னாவின் விரல்கள் ஒட்டு டேப்புச் சுருளின் மேல் அசையாமல் கிடக்கின்றன. நைலான் நூல் ரீலின் உருளையைப் பற்றிக்கொள்ளும்; பின்னல் நூல் வழுக்கும். உருளையில் முதலில் ஒரு துண்டு டேப் ஒட்டாவிட்டால், பெரிய மீன் இழுத்தவுடன் நூல் மொத்தமும் உருளையின் மேல் வழுக்கிச் சுழலும். கைப்பிடியை எவ்வளவு சுற்றினாலும் மீன் வராது. நூல் சுற்ற வரும் எவருக்கும், பிடிக்காதவருக்கும்கூட, அந்தத் துண்டைக் கிழித்து நீட்டுவது ஹாய்ட்டின் வழக்கம். கிளீட்டஸ் வெறும் உருளையில் முடிச்சிடுகிறான். இயந்திரம் உறுமுகிறது, பச்சை நூல் அடுக்கடுக்காக ஏறிப் பளபளக்கும் உலோகத்தை மறைக்கிறது.

“என்ன பாக்குற? தப்பாச் சுத்துறேனா?”

வெர்னா டேப்பை இழுப்பறைக்குள் தள்ளி மூடுகிறாள்.

“இல்லையே. நல்லா இறுக்கிச் சுத்து.”