எழுபத்திரண்டிலேயே நிற்குது

"கொஞ்சம் கோபப்படுங்க மாஸ்டர், ப்ளீஸ்!"

"யார் மேலம்மா கோபப்படறது? எல்லாரும் நல்லாத்தானே பார்த்துக்கிறீங்க?"

முகமூடிக்குள் டாக்டர் பெருமூச்சு விட்டாள். மேசையில் படுத்திருந்தவர் கார் ஓட்டக் கற்றுத் தருபவர். தொடையின் ரத்தக்குழாய் வழியாக அவர் இதயத்துக்குள் ஒரு மெல்லிய கம்பி போயிருந்தது. அவ்வப்போது தறிகெட்டு ஓடும் இதயம் அது. கோளாறு கிளம்பும் புள்ளியைத் தேடிப் பிடித்துச் சுட்டுவிட வேண்டும். புள்ளியோ சந்துக்குள் சந்தில் எங்கோ ஒளிந்திருந்தது. இதயம் ஓடினால்தான் இடம் தெரியும். இன்றைக்குப் பார்த்து அது சமர்த்தாக எழுபத்திரண்டில் துடித்தது.

"கண்டுபிடிக்கலேன்னா என் லைசென்ஸ் போயிடுமா?"

"ஓடற வண்டியில மயங்கி விழுந்திருக்கீங்க. விடுவாங்களா?"

ஊக்க மருந்து ஏற்றியாகிவிட்டது. மின்சாரத்தால் சீண்டியும் பார்த்தாகிவிட்டது. கடைசியில், கண்ணாடிக்கு அப்பால் உட்கார்ந்திருந்த அவர் மனைவியிடம் மைக்கைக் கொடுத்தார்கள்.

"என்னங்க, உங்க அக்கா ஒரு மாசம் தங்க வர்றாங்களாம்."

"வரட்டுமே, பாவம்."

எழுபத்திரண்டு.

"என் தம்பி உங்க வண்டியை எடுத்துட்டுப் போய்க் கதவைப் பேத்துட்டான்."

"எந்தப் பக்கக் கதவு?"

எழுபது.

"குறையுது மேடம்!" என்று அலறினார் டெக்னீஷியன்.

மனைவி கையை விரித்தாள். "இருபத்தாறு வருஷமா கத்துக்குட்டிங்க பக்கத்துல உட்கார்ந்தவர் டாக்டர். இடியே விழுந்தாலும் 'பிரேக்கை மிதி'ம்பார்."

டாக்டர் அவர் பக்கம் குனிந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"மாஸ்டர், ரிவர்ஸ் எடுக்கச் சொன்னா ஒரு பொண்ணு நேரா மீன்தொட்டிக் கடைக்குள்ள விட்டாளே, ஞாபகம் இருக்கா?"

"ஐயோ, அவ பேச்சை எடுக்காதீங்க! மீனையெல்லாம் நான்தான் பக்கெட்டுல பொறுக்கினேன். இடது எது, வலது எதுன்னே தெரியாது அவளுக்கு!"

தொண்ணூறு.

"அவ இப்ப என்ன பண்றான்னு தெரியுமா?"

"எதுவா இருந்தாலும் சரி, அவ கையில மட்டும் எதையும் குடுத்துடக் கூடாது!"

"நான்தான் மாஸ்டர் அது."

இயந்திரங்கள் எல்லாம் ஒன்றாகக் கூவின. இருநூற்றுப் பத்து!

"இடம் கிடைச்சிடுச்சு! அசையாதீங்க மாஸ்டர், இதோ இடது பக்கம் திருப்பறேன்..."

"அம்மா தாயே, ஒரே ஒரு உதவி! அந்தக் கம்பியை வேற யார் கையிலயாவது குடுத்துடறீங்களா?"