முகப்பு வளைவு

கையைத் தூக்கிவிட்டாள்.

நகராட்சிக் கூட்டத்தில் மற்ற கைகள் ஏற்கெனவே மேலே இருந்தன. அவளுடையதுதான் கடைசி.

"ஏகமனதா நிறைவேறுது" என்றார் சேர்மன்.

படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் வீட்டுக்கே போய்ப் புண்ணைச் சுத்தம் செய்து மருந்து கட்டும் நகராட்சி நர்ஸ், இனி இல்லை. அந்த நிதி பேருந்து நிலையத்தின் முகப்பு வளைவுக்கு. தீர்மானத்தை வாசித்து முடிப்பதற்குள் வடை வந்துவிட்டது.

வடையைத் தின்றாள்.

ருசி ஒன்றும் தெரியவில்லை.

வார்டு பெண்களுக்கு என்று ஆனபோது அவள் புருஷன் வேலாயுதம்தான் அவளை நிற்கவைத்தார். ஜெயித்த பிறகும் வார்டை அவர்தான் பார்த்தார். கூட்டத்துக்கு மட்டும் அவள் வருவாள். போன ஆடியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. ஒரு பக்கம் போயிற்று. பேச்சும் போயிற்று. அதிலிருந்து, எல்லாரும் கை தூக்கும்போது அவளும் தூக்கினாள்.

படிக்கட்டில் சேர்மன் பின்னாலேயே வந்தார்.

"அண்ணாச்சிய நெனச்சுக் கவலப்படாதீங்க மதினி. நம்ம வீட்டுக்குன்னு தனியா ஒரு நர்ஸ் பிள்ளைய அனுப்புதேன். அது என் பொறுப்பு."

தலையாட்டினாள்.

நன்றி என்றும் சொல்லியிருப்பாள் போலிருக்கிறது.

மறுநாள் காலையில் ஜெசிந்தா வந்தாள். நகராட்சி நர்ஸாக அவள் வருவது அதுதான் கடைசி. வேலாயுதத்தின் காலில் புண்கட்டை மாற்றிவிட்டு வெளியே வந்து கை கழுவினாள்.

"உங்களுக்கு வேற ஆள் வருவாங்கக்கா. பின்தெரு சுடலைமுத்துவ நெனச்சாத்தான் மனசு கேக்க மாட்டேங்குது."

சுடலைமுத்து பெயிண்டர். சாரத்திலிருந்து விழுந்தவன். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை.

"முதுகுப் புண்ணு இப்பத்தான் ஆறிட்டு வருது. இப்ப விட்டா எலும்பு வரைக்கும் போயிரும். நீங்க கூட்டத்துல பேசிப் பாத்தீங்களாக்கா?"

"இல்ல."

ஜெசிந்தா துண்டில் கையைத் துடைத்தாள்.

"நானும் கை தூக்குனேன்."

துடைத்த கையையே ஜெசிந்தா மறுபடியும் துடைத்தாள். மிச்சமிருந்த பஞ்சையும் துணிச்சுருளையும் மருந்து பாட்டிலையும் ஜன்னலில் வைத்தாள்.

"வாறேங்க்கா."

கோபமாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து சேர்மனின் கார் வாசலில் நின்றது. வெள்ளைச் சுடிதாரில் ஒரு பெண் இறங்கினாள். படிப்பை முடித்துச் சில மாதம்தான் ஆகியிருக்கும்.

உள்ளே வேலாயுதம் மனைவியை அழைப்பது போல ஒரு சத்தம் போட்டார்.

அவள் செருப்பை மாட்டினாள்.

"எங்கூட வாம்மா."

"சார் இந்த வீடுன்னுதான் சொன்னாரு."

"வா."

பின்தெருவில் வெயில் ஏறியிருந்தது. சுடலைமுத்து வீட்டு வாசலிலேயே வாடை அடித்தது. அவன் பெண்டாட்டி பேச்சி கிழிந்த சேலைத் துணி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கவுன்சிலரைப் பார்த்ததும் வாங்க என்று சொல்லவில்லை. போங்க என்றும் சொல்லவில்லை.

"இவரப் பாரும்மா. தெனமும் இங்கதான் வரணும்."

"சார் கேட்டா என்ன சொல்ல?"

"நான் சொன்னேன்னு சொல்லு."

அந்தப் பெண் பேச்சியைப் பார்த்தாள். கையுறையை எடுத்து மாட்டினாள்.

அந்தப் பெண்ணை அங்கேயே விட்டுவிட்டு அவள் தனியாக வீட்டுக்குத் திரும்பினாள். வாசலில் கார் இல்லை.

வேலாயுதம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்.

யாரும் வரவில்லை.

ஜன்னலில் இருந்த பாட்டிலை எடுத்தாள். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, அவருடைய காலைத் தூக்கி மடியில் வைத்தாள். கனத்தது. ஜெசிந்தா வந்த நாட்களிலெல்லாம் அவள் அடுப்படியில் நின்றுகொள்வாள். கட்டைப் பிரித்த பிறகு எட்டிப் பார்த்ததே இல்லை.

பிரித்தாள்.

குதிகாலில் புண் இவ்வளவு ஆழமாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

தலையணை அருகே போன் அடித்தது. திரையில் சேர்மன் பெயர்.

வேலாயுதம் போனைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

அவள் பஞ்சை நனைத்துக்கொண்டிருந்தாள்.